காற்றில் கலந்த மீத்தேன்: ஆய்வுப் பணத்தை எதில் போடுவது?

மீத்தேன் என்றாலே நம்மில் பலருக்கு டெல்டாதான் ஞாபகம் வரும். மன்னார்குடிப் பக்கம் நிலக்கரிப் படுகையிலிருந்து வாயு எடுக்க வந்த திட்டம், அதை எதிர்த்த போராட்டம், கடைசியில் 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். அது பூமிக்கு அடியில் கிடக்கும் மீத்தேனை வெளியே எடுக்கலாமா கூடாதா என்ற சண்டை. இங்கே பேசப்போவது நேர் எதிரான வேலை. ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்ட மீத்தேனைப் பிடிக்கவோ அழிக்கவோ முடியுமா? முடியும் என்று தோன்றினால், எந்த வழியை ஆராயப் பணம் கொடுக்கலாம்?

2024 அக்டோபரில் அமெரிக்காவின் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டன. எந்த வழியும் இன்று களத்தில் இறக்கத் தயாராக இல்லை. முதல் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு அடிப்படை ஆய்வு நடக்கட்டும். அதற்கு ஆண்டுக்கு 5 கோடி முதல் 8 கோடி டாலர் ஒதுக்கலாம். அதன் பிறகு தொடர்வதா கைவிடுவதா என்று பார்க்கலாம் என்பது அதன் சாரம். நம் கணக்கில் வருஷத்துக்கு நானூறிலிருந்து எழுநூறு கோடி ரூபாய். ஐந்து வழிகளை அந்த அறிக்கை வரிசைப்படுத்துகிறது: காற்றை உள்ளே இழுத்து மீத்தேனை எரிக்கும் ரியாக்டர், மீத்தேனை மட்டும் பிரித்துச் செறிவாக்கும் கருவி, சுவர் கூரைகளில் பூசும் வினையூக்கிப் பூச்சு, மண்ணும் மரமும் உறிஞ்சுவதைக் கூட்டுவது, வளிமண்டலத்திலேயே வேதிவினையைத் தூண்டிவிடுவது.

ஐந்துக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இருக்காது. ஆனால் அது முடிவெடுப்பது ஆகாது. எந்த வழி ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டுவதை விட, தோற்றுப் போனாலும் கையில் என்ன மிஞ்சும் என்று பார்த்துப் பணம் போடுவதே இந்த விஷயத்தில் சரி என்பது என் கட்சி. அந்தக் கண்ணோடுதான் ஐந்தையும் கீழே எடைபோடுகிறேன்.

அடைத்தால் போதாதா?

முதலில் எழும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும் கூட. கார்பன் டை ஆக்சைடு மாதிரி மீத்தேன் நூற்றாண்டுக் கணக்கில் தங்குவதில்லை. சுமார் பத்தாண்டில் காற்றே அதைச் சிதைத்துவிடுகிறது. வருவதை அடைத்தால் இருப்பது தானாகக் குறையும். எரிவாயுக் குழாய்க் கசிவு, நிலக்கரிச் சுரங்கம், குப்பைமேடு, மாட்டின் வயிறு, நெல் வயல் என்று மனிதன் காரணமான மூலங்கள் எல்லாமே தெரிந்தவை. 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் தொடங்கிய உலக மீத்தேன் உறுதிமொழியில் 150-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. 2030-க்குள் 30 சதவீதம் குறைப்பது இலக்கு. இந்தியாவும் சீனாவும் அதில் இல்லை.

சிக்கல் அடைக்க முடியாத மூலங்களில் இருக்கிறது. சதுப்பு நிலம் சூடாகச் சூடாக அதிலுள்ள நுண்ணுயிர்கள் அதிக மீத்தேனை விடுகின்றன. வடதுருவப் பக்கம் உறைநிலம் இளகுகிறது. இதற்கெல்லாம் மூடி போட முடியாது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடி மூலக்கூறுக்கு 720 அளவில் இருந்த மீத்தேன் இன்று 1,900-ஐத் தாண்டிவிட்டது. 2021-ல் மட்டும் ஏறக்குறைய 18 கூடியது; அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதுவே பெரிய தாவல். இதுவரை ஏறிய வெப்பத்தில் மீத்தேனின் பங்கு சுமார் அரை டிகிரி. இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் எண்பது டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், நூறாண்டுக் கணக்கில் இருபத்தெட்டு டன்னை ஒட்டி.

2020-ல் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஊரடங்கில் வண்டிகள் ஓடவில்லை, நைட்ரஜன் ஆக்சைடு மாசு குறைந்தது, வானம் தெளிந்தது. அதே ஆண்டு மீத்தேன் வேகமாகக் கூடியது. சதுப்பு நிலங்கள் ஒரு காரணம். மற்றொன்று, மீத்தேனைச் சிதைக்கும், சட்டென வினைபுரியும் துணுக்கான ஹைட்ராக்சில் ராடிக்கல் உருவாவதற்கு அந்த நைட்ரஜன் ஆக்சைடும் ஒத்தாசை செய்கிறது. மாசு குறைந்ததும் ராடிக்கலும் குறைந்தது, மீத்தேன் கொஞ்சம் கூடுதல் நாள் உயிரோடு இருந்தது. காற்றில் ஒரு நூலை இழுத்தால் எங்கோ வேறொரு நூல் அவிழும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

காற்றை இழுத்து எரிக்கும் இயந்திரம்

கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து பிடிக்கும் ஆலைகள் ஏற்கெனவே இயங்குகின்றன. அப்படியே மீத்தேனுக்கும் ஒன்று கட்டினால் என்ன? 2019-ல் ஸ்டான்ஃபோர்டின் ராப் ஜாக்சனும் கூட்டாளிகளும் இந்த எண்ணத்துக்கு உயிர் கொடுத்தார்கள். மீத்தேனைப் பிடித்து வைக்கவே வேண்டாம், நுண்துளைகள் நிறைந்த கனிமமான ஜியோலைட் போன்ற ஒரு பொருளின் மீது வைத்துக் கார்பன் டை ஆக்சைடாக எரித்துவிட்டால் போதும் என்றார்கள். கூடுதலாகச் சேர்ந்துள்ள 320 கோடி டன் மீத்தேனையும் அப்படி மாற்றினால், அதனால் உருவாகும் கார்பன் டை ஆக்சைடு உலகம் சில மாதங்களில் விடும் அளவுதான். கேட்க அருமையான பேரம்.

கணக்குப் போட்டால்தான் வண்டவாளம் தெரியும். ஆர்.ஓ. இயந்திரம் விற்கிறவர் தண்ணீருக்குச் சொல்லும் பிபிஎம், அதாவது பத்து லட்சத்துக்கு எத்தனை என்ற கணக்கு, இங்கேயும் உதவும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம்முக்கு மேல். மீத்தேன் இரண்டு பிபிஎம் கூட இல்லை. கடலில் கரைத்த பெருங்காயம் என்பார்களே, அது. ஒரு டன் மீத்தேன் வேண்டுமானால் ஒன்பது லட்சம் டன்னுக்கு மேல் காற்றைச் சலிக்க வேண்டும்; சுமார் 80 கோடி கன மீட்டர். அதுவும் ஒரு மூலக்கூறு கூடத் தப்பாமல் பிடித்தால்.

இப்போது மின்கட்டணம். வினையூக்கி வேலை செய்ய 300 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை காற்றையும் 30 டிகிரியிலிருந்து 300-க்குச் சூடாக்க ஏழு கோடி யூனிட் ஆகும். வெளியேறும் சூட்டில் 95 சதவீதத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தினாலும் முப்பத்தைந்து லட்சம் யூனிட். அந்த ஒரு டன் மீத்தேன் எரிந்து தருவதோ வெறும் பதினைந்தாயிரம் யூனிட்டுக்கான வெப்பம். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், 80 டன்னுக்குச் சமமான லாபத்துக்கு 2,500 டன் செலவு. அடுப்பையே பற்ற வைக்காமல், சாதாரண வெப்பநிலையில் வேலை செய்யும் வினையூக்கி கிடைத்தது என்றே வையுங்கள். காற்றைத் தள்ள விசிறி வேண்டுமே? மிகக் குறைந்த தடை, 100 பாஸ்கல்தான், விசிறியின் திறன் பாதி என்று வைத்தால் 45,000 யூனிட் வருகிறது. அதாவது முப்பது டன்னைச் சுற்றிக் கார்பன் டை ஆக்சைடு. இருபதாண்டுக் கணக்கில் லாபம், நூறாண்டுக் கணக்கில் கைக்கும் வாய்க்கும் சரி. சூரிய மின்சாரம் என்றால் கணக்கு மாறும். ஆனால் அதே சூரிய மின்சாரத்தை வைத்து ஒரு நிலக்கரி அலகை நிறுத்தியிருக்கலாமே என்று பக்கத்தில் யாராவது கேட்பார்கள், பதில் சொல்வது கஷ்டம்.

ஆகவே திறந்த காற்றுக்கான ரியாக்டருக்கு என் ஓட்டு இல்லை. இந்தத் தடையை அறிவால் தாண்டலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்; வினையூக்கி எத்தனை நல்லதாக வந்தாலும் விசிறிக் கணக்கு அப்படியேதான் நிற்கும்.

செறிவூட்டும் கருவிக்கும் இதே நோய், கூடவே இன்னொன்று. மீத்தேன் மூலக்கூறு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பது, மின்னேற்றம் ஒருபுறம் சாயாதது, எதிலும் ஒட்டாது. சல்லடை போட்டுப் பிரிக்கலாம் என்றால் அதன் அகலம் 0.38 நானோமீட்டர், நைட்ரஜனுடையது 0.36. ஒரு மீத்தேனுக்கு நாலு லட்சம் நைட்ரஜன் கூட்டமாக நிற்கும்போது அந்த 0.02 வித்தியாசத்தை நம்பி இறங்க வேண்டும். அறிக்கையும் இதில் பெரிய நம்பிக்கை காட்டவில்லை. பூச்சைப் பற்றியும் அதிகம் சொல்ல இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடோ துத்தநாக ஆக்சைடோ கலந்த பெயின்ட் வெயில் பட்டதும் மீத்தேனைச் சிதைக்கும் என்பது ஆய்வகத்தில் உண்மை. காற்று தானாக வந்து மோதுவதால் விசிறிச் செலவும் இல்லை. ஆனால் வேகம் மிகக் குறைவு, தேவைப்படும் பரப்பு மிக அதிகம். புழுதி படிந்த சுவரில் அது எத்தனை மாதம் உழைக்கும் என்று, மதுரையில் வெள்ளையடித்த மொட்டைமாடியைப் பார்த்தவர்களிடம் கேட்டாலே போதும்.

அதே இயந்திரம், வேறு இடத்தில்

ரியாக்டரைத் திறந்த வெளியிலிருந்து தூக்கி ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் காற்றோட்ட வாயில் வைத்துப் பாருங்கள், காட்சியே மாறும். சுரங்கத்துக்குள் தொழிலாளர் மூச்சுவிட வேண்டும், வெடிக்கும் அளவுக்கு வாயு சேரக் கூடாது. அதனால் பெரிய விசிறிகள் இரவும் பகலும் காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் மீத்தேன் பெரும்பாலும் 0.1 முதல் 1 சதவீதம். அரை சதவீதம் என்றால் 5,000 பிபிஎம், வெளிக்காற்றைப் போல 2,500 மடங்கு. விசிறிச் செலவை ஏற்கெனவே சுரங்கம் கொடுத்தாகிவிட்டது. 0.2 சதவீதத்துக்கு மேலே போனால், வெப்பத்தைச் சுழற்றிப் பயன்படுத்தும் எரிகலன் வெளி எரிபொருள் இல்லாமல் தன் சூட்டிலேயே ஓடும். இந்த வகை எரிகலன்கள் ஆய்வகப் பொருள் இல்லை. சில சுரங்கங்களில் பல ஆண்டுகளாக ஓடுகின்றன.

ஆராய்ச்சி வேண்டியது அதற்கும் கீழே உள்ள இடைவெளியில்தான்: 2,000 பிபிஎம்முக்குக் கீழே, இரண்டு பிபிஎம்முக்கு மேலே. மாட்டுக் கொட்டில், கழிவுநீர்த் தொட்டி, பழைய குப்பைமேட்டின் ஓரம், நீர்த்துப்போன சுரங்கக் காற்று எல்லாம் இந்த இடைவெளியில் வருகின்றன. எம்ஐடியில் டெசிரே பிளாட்டாவின் குழு செம்பு ஏற்றிய ஜியோலைட்டை வைத்து இதைத்தான் செய்கிறது. ஜியோலைட் ஒன்றும் அபூர்வமான சரக்கு இல்லை. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் மலத்தட்டில் கொட்டும் மணலிலும் அது உண்டு. இயற்கையில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாவின் நொதியும் செம்பைத்தான் பயன்படுத்துகிறது. அதைப் பார்த்து எழுந்த யோசனை இது.

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஜான்சன் குழு வேறு வழியில் போகிறது. ஒரு பெட்டிக்குள் குளோரின் வாயுவை விட்டு, அதன் மீது புற ஊதா வெளிச்சம் அடித்துக் குளோரின் அணுக்களாக உடைத்து, அவற்றை மீத்தேன் மீது ஏவுகிறார்கள். சூடு வேண்டாம் என்பது இதன் பெரிய சௌகரியம். 50 பிபிஎம் அளவில் 58 சதவீதம் வரை நீக்க முடிந்ததாக 2023-ல் எழுதினார்கள். மிச்சக் குளோரினையும் உருவாகும் அமிலத்தையும் கழுவி வாங்க வேண்டும், அது தனி வேலை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேரி லிட்ஸ்ட்ராம் குழு 500 பிபிஎம்மிலும் நன்றாக வளரும் ஒரு பாக்டீரியா வகையைக் காட்டியிருக்கிறது. பொதுவாக இந்தப் பாக்டீரியாக்களை வளர்க்க அதைவிடப் பத்து மடங்கு மீத்தேன் ஊட்டுவது வழக்கம்.

இது உமிழ்வைக் குறைப்பது, வளிமண்டலத்திலிருந்து நீக்குவது அல்ல என்று வகை பிரிப்பவர்கள் உண்டு. அறிக்கையும் அந்தக் கோட்டைப் போடுகிறது. கோடு இருக்கட்டும். இரண்டு பிபிஎம்முக்கு என்று தேடத் தொடங்கிய வினையூக்கி 100 பிபிஎம்மோடு நின்றுவிட்டாலும் மாட்டுக் கொட்டிலுக்கு ஆகும். தோற்றாலும் கையில் மிஞ்சுகிறது என்று நான் முதலில் சொன்ன அளவுகோலில் இது நல்ல மதிப்பெண் வாங்குகிறது.

வானத்தில் இரும்புத் தூள்

காற்றை இயந்திரத்துக்குள் கொண்டு வருவதுதானே செலவு, வினையைக் காற்றுக்குக் கொண்டு போனால் என்ன? ஐந்திலும் மலிவாகத் தெரிவது இதுதான், ஐந்திலும் எனக்குப் பயம் தருவதும் இதுதான்.

சகாராவிலிருந்து கிளம்பும் செம்மண் தூசி அட்லாண்டிக் மேலே மிதந்து போகிறது. கடல் தெறிப்பிலிருந்து உப்பு மேலே வருகிறது. தூசியில் இரும்பு, உப்பில் குளோரைடு. இரண்டும் ஒரு துளியில் கலந்து, துளி அமிலமாகவும் இருந்து, வெயிலும் அடித்தால் குளோரின் அணுக்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மீத்தேனின் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். 2023-ல் மார்ட்டன் வான் ஹெர்பனும் ஜான்சன் உள்ளிட்ட மற்றவர்களும் இது நிஜமாகவே நடக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டினார்கள். பார்படோஸ் தீவில் பல காலத்துக்கு முன் எடுத்த காற்று மாதிரிகளில் கார்பன் மோனாக்சைடின் ஐசோடோப் விகிதம், அதாவது அதில் லேசான கார்பனும் கனமான கார்பனும் கலந்திருக்கும் அளவு, விநோதமாக இருந்தது. குளோரின் கையால் சிதைந்த மீத்தேன் விட்டுப்போகும் கைரேகை அது என்று வைத்தால் அந்தப் புதிர் அவிழ்கிறது. இதைக் கப்பலிலிருந்து நாமே செய்தால் என்ன என்பதுதான் இரும்பு உப்புத் தூவல் யோசனை. ஜெர்மனியின் ஃபிரான்ஸ் டீட்ரிச் ஓஸ்டே அதை முன்பிருந்தே சொல்லி வருகிறார்.

சிக்கல் இதோ. காற்றிலுள்ள மீத்தேனில் பத்தில் ஒன்பது பங்கை அழிப்பது ஹைட்ராக்சில் ராடிக்கல். குளோரினின் பங்கு சதவீதத்தில் ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. ஹைட்ராக்சில் பிறப்பதற்கு ஓசோன் தேவை. குளோரின் ஓசோனையும் தின்னும். ஆகவே கொஞ்சமாகக் குளோரின் சேர்த்தால், சின்ன ஆள் ஒருவரைக் கூடுதலாக வேலைக்கு வைத்துவிட்டுப் பெரிய ஆளின் கையைக் கட்டிய கதை ஆகிவிடும். மாட்ரிட்டின் அல்ஃபான்சோ சாயிஸ்-லோபஸ் குழுவும் கூட்டாளிகளும் 2023-ல் கணினி மாதிரியில் கணக்கு போட்டுப் பார்த்ததில், குறைந்த அளவு குளோரின் சேர்த்தால் மீத்தேன் கூடுகிறது. குறையத் தொடங்க வேண்டுமானால் இப்போது காற்றில் இருப்பதைப் போல மூன்று மடங்காவது குளோரின் வேண்டும்.

சாதாரணமாக ஆபத்தான எதையும் சின்ன அளவில் செய்து பார்த்து, சரிப்பட்டால் பெருக்குவோம். இங்கே சின்ன அளவு தப்பான விடையைத் தரக்கூடும். பெரிய அளவு பின்வாங்க முடியாத விடையைத் தரக்கூடும். சோதனைக்கும் அமலுக்கும் நடுவே நிற்க இடமே இல்லாத ஒரு யோசனை இது. எந்த இடத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு நைட்ரஜன் ஆக்சைடு உள்ள காற்றில் தூவுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்பதால், இது சரிப்படும் மூலைகள் சில இருக்கலாம். கடலில் விழும் இரும்பு பாசியை வளர்க்கும், அது இன்னொரு கதை. அந்தக் கடலில் மீன் பிடிப்பவர்களை யார் கேட்டார்கள் என்பது மற்றொரு கதை.

ஹைட்ராக்சிலையே நேரடியாகக் கூட்டலாமே என்று ஹைட்ரஜன் பெராக்சைடு தெளிக்கும் யோசனையும் வந்தது. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-ல் அதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். உயரமான கோபுரங்கள் ஐம்பது கட்டித் தெளித்தாலும் பலன் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில்தான். உருப்படியாகக் குறைக்க லட்சக்கணக்கில் கோபுரம் வேண்டும். குளிர்காலத்தில் சில இடங்களில் துகள் மாசும் மோசமாகலாம். இப்படி ஒரு யோசனையைக் கணினியிலேயே ஓரம் கட்டுவது எவ்வளவு மலிவு பாருங்கள். அந்த மாதிரி ஆய்வுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுக்கலாம்.

மண், மரப்பட்டை

மீத்தேனைத் தின்னும் பாக்டீரியா நம் காலடியிலேயே இருக்கிறது. காற்றோட்டமுள்ள மண் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடி டன் மீத்தேனை உறிஞ்சுகிறது. மொத்தச் சிதைவில் இருபதில் ஒரு பங்கு. இரண்டு பிபிஎம்மில் உயிர்வாழும் வித்தையை மண் எப்போதோ கற்றுவிட்டது.

ஆனால் அந்த வித்தை மழுங்கி வருகிறது. அமெரிக்காவில் பால்டிமோர் பகுதிக் காடுகளிலும் நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பார்ட் புரூக் காட்டிலும் நீண்ட காலம் அளந்தவர்கள், மண் உறிஞ்சும் அளவு வெகுவாகக் குறைந்திருப்பதை 2018-ல் எழுதினார்கள். மழை கூடி மண் ஈரமானால் காற்று உள்ளே போகாது என்பது ஒரு காரணம். உரம் போட்ட நிலத்தில் வேறொரு காரணம் உண்டு: மீத்தேனைப் பிடிக்கும் நொதி அம்மோனியாவையும் மீத்தேன் என்று எண்ணிப் பிடித்துக்கொள்ளும். யூரியா கொட்டிய மண்ணில் பாக்டீரியாவின் கை வேறு வேலையில் மாட்டிக்கொள்கிறது.

2024 ஜூலையில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் காவ்சி குழு வெளியிட்ட ஆய்வுதான் இந்தப் பகுதியில் எனக்குப் பிடித்தது. அமேசான், பனாமா, இங்கிலாந்து, ஸ்வீடன் என்று நாலு இடத்தில் மரத்தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாத கூடு கட்டி, உள்ளே மீத்தேன் கூடுகிறதா குறைகிறதா என்று அளந்தார்கள். மரத்தின் அடியில் மீத்தேன் வெளியே வரும் இடத்திலும், சில மீட்டர் மேலே போனால் கணக்கு தலைகீழாகி, பட்டை மீத்தேனை உறிஞ்சுகிறது. பட்டையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் வேலை. லேசர் வைத்து மரங்களின் வடிவத்தை அளந்ததில், உலகின் மரப்பட்டை முழுவதையும் உரித்து விரித்தால் பூமியின் நிலப்பரப்பு அளவுக்கு வரும் என்று தெரிந்தது. மொத்தத்தில் ஆண்டுக்கு இரண்டரை முதல் ஐந்து கோடி டன் உறிஞ்சப்படலாம் என்று மதிப்பிட்டார்கள். மண்ணுக்கு நிகராக மீத்தேனை உறிஞ்சி வாங்கும் ஒரு தொட்டி இத்தனை காலம் கண்ணெதிரே நின்றிருக்கிறது. பலரும் இடுப்புயரத்தோடு அளந்து நிறுத்திவிட்டதால் தெரியவில்லை.

இதை வைத்து உடனே "மரம் நடுங்கள், மீத்தேன் போகும்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். காவ்சியே முன்பு அமேசானின் வெள்ளக்காட்டு மரங்கள் மீத்தேனை வாரி வாரி வெளியே விடுவதைக் காட்டியவர். எங்கே நிற்கிற மரம் என்பதுதான் கணக்கு. அளவையும் பாருங்கள்: உலக மண் உறிஞ்சுவதை நிலப்பரப்பால் வகுத்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இரண்டு கிலோவைச் சுற்றித்தான் வரும். இரட்டிப்பாக்கினாலும் இன்னொரு இரண்டு கிலோ. தண்ணீர் கட்டிய நெல் வயல் ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்கு நூறு கிலோவை ஒட்டி விடுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும். ஒரு ஹெக்டேர் வயலில் மடையை மூடித் திறக்கும் முறையை மாற்றினால் கிடைப்பது, பதினைந்து இருபது ஹெக்டேர் மண்ணின் உறிஞ்சலை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். திருவாரூர் விவசாயிக்கு முறைத் தண்ணீர் நேரத்துக்கு வருமா என்பதுதான் அங்கே தடை, பாக்டீரியா அல்ல.

அப்படியிருந்தும் முதல் பணத்தை மண்ணுக்கும் பட்டைக்கும்தான் கொடுப்பேன். மீத்தேனை நீக்கும் வழியாக இது தேறாமலே போகலாம். ஆனால் இருக்கிற தொட்டி எவ்வளவு, அது எங்கே சுருங்குகிறது, எந்த உரம் அதைக் கெடுக்கிறது, எந்தக் காட்டை அழித்தால் எவ்வளவு இழப்பு என்பதெல்லாம் எப்படியும் தெரிய வேண்டியவை. கூட்ட முடியாவிட்டாலும் கெடாமல் காக்கலாம்.

பணத்தைப் பிரித்தால்

ஆண்டுக்கு 6 கோடி டாலர் என் கையில் கொடுத்தால், பாதியை இயற்கைத் தொட்டிகளை அளப்பதற்குத் தருவேன்: மண், மரப்பட்டை, வளிமண்டல ஹைட்ராக்சில் மூன்றுக்கும் சேர்த்து. இதில் வெப்பமண்டலத்துக்குத் தனிப் பங்கு வேண்டும். நீண்டகால அளவீடுகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ காங்கோவிலோ பட்டையும் மண்ணும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை அங்கே போய் அளந்தால்தான் சொல்ல முடியும்.

மூன்றில் ஒரு பங்கு, குறைந்த செறிவில் வேலை செய்யும் வினையூக்கிக்கும் பாக்டீரியாவுக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: முதல் நாளிலிருந்தே நிஜமான கொட்டில் காற்றில் சோதிக்க வேண்டும். ஆய்வகத்தின் சுத்தமான வாயுவில் 90 சதவீதம் காட்டும் பொருள், அம்மோனியாவும் ஈரமும் கந்தகமும் கலந்த காற்றில் ஒரு வாரத்தில் படுத்துவிடலாம்.

மிச்சத்தில் பெரும்பகுதி வளிமண்டல வேதியியலுக்கு, திறந்த வெளியில் எதையும் விடுவதற்கு அல்ல. மூடிய கூடத்துக்குள் காற்றை அடைத்துச் செய்யும் சோதனை, கணினி மாதிரி, சகாரா தூசி தானாகச் செய்துகொண்டிருக்கும் சோதனையைப் பார்படோஸ் பக்கம் போய் ஒழுங்காக அளப்பது. இயற்கை இலவசமாக நடத்திக் காட்டுவதையே முழுதாக அளக்காமல் கப்பலில் இரும்பை ஏற்றுவானேன்? செறிவூட்டும் கருவிக்கும் பூச்சுக்கும் நல்ல மாணவர் யாராவது வந்தால் ஒரு சின்ன உதவித்தொகை.

இன்னொன்று, இது பணக் கணக்கில் வராது. பத்து லட்சம் டன் மீத்தேனை நீக்கினால் உலகக் காற்றில் அதன் அளவு நூறு கோடிக்கு 0.36 குறையும். ஆண்டுக்கு ஆண்டு இயற்கையாக ஏறி இறங்கும் அளவே அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். ஆகவே திறந்த வெளியில் எதையாவது தூவிவிட்டு இவ்வளவு நீக்கினேன் என்று ஒருவர் சொன்னால், காற்றை அளந்து சரிபார்க்க வழி இல்லை. அவருடைய மாதிரிக் கணக்கைத்தான் நம்ப வேண்டும். கொட்டிலில் பொருத்திய பெட்டிக்கு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் யார் வேண்டுமானாலும் அளக்கலாம். கார்பன் கிரெடிட், அதாவது நீக்கிய வாயுவுக்கான சான்று, விற்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து விலை சொல்லத் தொடங்கும் முன், ஆய்வுப் பணம் தருகிறவர்கள் ஒரு விதியை எழுதிவிடலாம்: இந்தப் பணத்தில் வளிமண்டல வேதிவினையை ஆராய்கிறவர், அந்த வினைக்கு கிரெடிட் விற்கும் நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கக் கூடாது.

என் பிரிப்பை மாற்றிக்கொள்ள இரண்டு செய்திகள் போதும். சாதாரண வெப்பநிலையில், ஈரக் காற்றில், ஏதாவது தொழிற்சாலை ஏற்கெனவே வேறு வேலைக்காகத் தள்ளிக்கொண்டிருக்கும் காற்றிலேயே இரண்டு பிபிஎம்மைத் தின்னும் வினையூக்கி ஒன்று ஓராண்டு தாங்கியது என்று வந்தால், ரியாக்டரை மேலே தூக்குவேன். தனித்தனிக் குழுக்களின் மாதிரிகள் குளோரின் விஷயத்தில் ஒரே எல்லை எண்ணைச் சொல்லி, அட்லாண்டிக் அளவீடும் அதோடு ஒத்துப்போனால், தூவலைப் பற்றி மறுபடி உட்கார்ந்து பேசலாம்.